வெயில் படாத வீடு

திருக்கோகர்ணத்தில் நான் இப்போது குடியிருக்கும் தெருவில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். காலையில் நடக்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் சர்க்கரை அளவைப் பேசிக்கொள்வார்கள். இப்போது வைட்டமின் டி. “உங்களுக்கு எவ்வளவு சார்?” “பதினாலு.” “பரவாயில்லையே, எனக்கு ஒம்பதுதான்” என்று பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மாத்திரை, மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் வெயில், சில மாதம் கழித்து மறுபடி ஒரு டெஸ்ட். நான் அவர்களைக் கிண்டல் செய்யவில்லை. அவர்களுக்கு அது தேவைதான். ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைய டாக்டர்களும் நர்சுகளுமாகிய நீங்கள், அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். உற்சாகம் வருகிற மாதிரி இருக்கட்டும் என்றும் சொன்னீர்கள். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஆவூர்ப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில். சுற்றிலும் விவசாயம், வாத்தியார் குடும்பங்கள், வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். நாம் படித்துவிட்டு வரும்போது மனதில் ஒரு கணக்கு வைத்திருப்போம்: டவுன்காரர்களுக்கு வைட்டமின் டி குறையும், கிராமத்துக்காரர்களுக்கு ரத்தம் குறையும். கிராமத்தில்தான் வெயில் கொட்டிக்கிடக்கிறதே! நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஒருநாள் நூறுநாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி நிற்பார்கள். வெயிலில் இருப்பது வேறு, வெயில் உடம்பில் படுவது வேறு. இது எனக்குத் தெரிய நெடுநாள் ஆனது, நீங்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அவர்களுக்காவது முகத்திலும் புறங்கையிலும் கொஞ்சம் வெயில் படும். வயலை விட்டு வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீட்டுக்குள் போய்விட்ட பெண்களுக்கு அதுவும் கிடையாது. ஜெசிந்தா அப்படிப்பட்ட பெண்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் அவளை நான் முதலில் பார்த்தேன். கணவன் அருள்ராஜ் வளைகுடாவில் கட்டட வேலை. மாமனார் மாமியார் யாரும் இல்லை. உள்ளே வரும்போதே அவள் நடையைக் கவனித்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண், வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள்.

“என்னம்மா செய்யுது?”

“உடம்பெல்லாம் வலி டாக்டரம்மா. தொடை, இடுப்பு எல்லாம். பூசையில முட்டி போட்டா எந்திரிக்க முடியல. பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கெடக்கேன். மத்தவுக எல்லாம் பக்தின்னு நெனைக்கிறாக.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு முன்பே நாலு இடத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். நான் நெஞ்செலும்பையும் கால் எலும்பையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். துள்ளினாள். புதுக்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். என் தெருக்காரர்கள் வெட்கப்படுகிற அந்த ஒன்பதில் பாதிகூட அவளுக்கு இல்லை. எலும்பு மெதுமெதுவாக இளகிக்கொண்டிருந்தது.

வாரம் ஒரு மாத்திரை எழுதினேன். அதோடு, பதினொரு மணி வாக்கில் கை கால் திறந்திருக்கும்படி கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலமே என் கைப்பேசியில் வெளிநாட்டு எண் ஒன்று வந்தது. அருள்ராஜ்.

“வணக்கம் டாக்டரம்மா. மாத்திரை எம்புட்டு ஒசத்தியா இருந்தாலும் எழுதுங்க, வாங்கிக் குடுத்துருவேன். வெயில்ல மட்டும் உக்காரச் சொல்லாதீங்க.”

“ஏன் தம்பி? காசு செலவில்லாத மருந்து அது.”

“எங்க ஆத்தா முந்திரிக்காட்டுல கொட்டை பொறுக்குனுச்சுங்க. சித்திரை வெயில்ல அங்கனயே சுருண்டு விழுந்து செத்துப்போச்சு. நான் அப்ப பத்தாப்பு. எனக்குன்னு ஒருத்தி வந்தா அவ வெயில்லயே நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு நெனச்சேன். நான் இங்க வெயில்லதான் கெடக்கேன், அது பரவாயில்ல. அவ எதுக்குங்க காயணும்?”

அவன் முரடனாக இருந்திருந்தால் நன்றாக நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவனிடம் பொறுமையாகத்தான் பேசினேன். கோடை வெயிலில் விழுவது வேறு, கொஞ்ச நேரம் உட்காருவது வேறு என்று விளக்கினேன். “சரிங்க, சரிங்க” என்று கேட்டுக்கொண்டான். என் படிப்புக்குக் கொடுத்த மரியாதை அது, என் பேச்சை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் வளர்மதி வீடு வீடாகப் போகிறவர். எதையும் மறைக்கத் தெரியாதவர். அந்த வீட்டைப் பற்றிச் சொன்னார்.

“உள்ள போனா எனக்கே குளிருது டாக்டர். சன்னல் பூரா கறுப்புக் கண்ணாடி, பகல்லயும் லைட்டு. வாசல்ல ஒன்னு, மாடிப்படியில ஒன்னு கேமரா வச்சிருக்காக. அந்தப் புள்ள மாடியில துணி காயப்போட ஏறுனா அங்கிட்டுருந்து போன் வந்துருது, ஏன் புள்ள வெயில்ல நிக்கிறன்னு. சந்தேகத்துல இல்ல டாக்டர், பாசத்துல.”

“அவன் வேலையில இருக்குற நேரத்துல கேமரா பாக்க மாட்டானே, அப்ப ஏறச் சொல்லேன்.”

“அவுக பாக்காட்டி ஊரு பாக்குதே. வெளிநாட்டுக்காரன் பொண்டாட்டி வேலைவெட்டி இல்லாம சட்டைக்கையைச் சுருட்டிக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தா என்னன்னு பேசுவாக?”

உங்களுக்கு இதில் நான் சொல்ல விரும்புவது: ‘வெயிலில் உட்காருங்கள்’ என்று சொல்வது நமக்கு ஒரு வாக்கியம். எங்கே உட்காருவது, எந்தத் துணியோடு, யார் கண்ணுக்கு முன்னால் என்பதையெல்லாம் கேட்காமல் அதைச் சொல்லாதீர்கள். கேட்ட பிறகும் வழி கிடைக்காமல் போகலாம். எனக்குக் கிடைக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் ஜெசிந்தா நேராக நடந்து வந்தாள். “இப்ப பூசையில மொத ஆளா எந்திரிச்சுர்றேன் டாக்டரம்மா” என்றாள். தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வலி போன பிறகு மாத்திரையை யார் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள்? அருள்ராஜ் விடுமுறையில் வந்து போனான். அவள் உண்டானாள். பேறுகாலத்துக்குத் திருச்சியில் அம்மா வீட்டுக்குப் போனாள். பெரிய தனியார் மருத்துவமனை, ஸ்கேன், டானிக் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. எலும்பைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, அதுதான் சரியாகிவிட்டதே.

இதற்கிடையில் அவளைப் போல இன்னும் சிலரைப் பார்த்துவிட்டேன். அவர்கள் பெறும் குழந்தைகளை நினைத்துப் பயம் வந்தது. தாயிடம் இல்லாததைத் தாய்ப்பால் எங்கிருந்து கொடுக்கும்? பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து எங்கள் நிலையத்துக்கே கொடுங்கள் என்று ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். மேடையில் உட்கார்ந்திருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“டாக்டர், புதுக்கோட்டையில தண்ணி வேணும்னு கேளுங்க, நியாயம். வெயிலுமா பத்தல?”

கூட்டமே சிரித்தது. கேலி நன்றாகத்தான் இருந்தது, எனக்கே உதடு பிரிந்துவிட்டது. அதன் பிறகு கொசு ஒழிப்புக்குப் போய்விட்டோம். அதற்கப்புறமும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் கேட்டேன். “பாக்கலாம் டாக்டர்” என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜெசிந்தா பையனைத் தூக்கிக்கொண்டு முதல் தடுப்பூசிக்கு வந்தாள். கொழுகொழுவென்று இருந்தான். தாய்ப்பால் மட்டும்தான் கொடுப்பதாகப் பெருமையோடு சொன்னாள். சொட்டு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்து, வெளியே வாங்கித் தினமும் கொடுக்கச் சொன்னேன். வாங்கினாள். கொடுக்கவும் ஆரம்பித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

ஏன் நிறுத்தினாள் என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். எங்கள் நிலையத்தின் வாசல் சுவரில் தாயும் குழந்தையும் படம் போட்டு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். நல்ல வாசகம். எத்தனையோ பிள்ளைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றிய வாசகம். வளர்மதியும் அதையே வீடு வீடாகச் சொல்வார், நானே சொல்லச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சுவரைப் பார்த்தபடி வரிசையில் நின்ற ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரே கூடாது என்றால் பாட்டிலில் இருக்கிற இனிப்புச் சொட்டு எப்படி ஆகும்? கணவனிடம் கேட்டாள். அவனும் ஏதோ ஒரு வீடியோவில் தாய்ப்பாலில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று பார்த்திருந்தான். நிறுத்திவிட்டார்கள். சொன்னதைக் கேட்கிற நல்ல தாய் அவள். டாக்டர் மெதுவாகத்தானே சொன்னார், சுவர் அவ்வளவு பெரிய எழுத்தில் சொன்னது.

வளர்மதி குழந்தையை இளவெயிலிலாவது காட்டச் சொல்லியிருக்கிறார். “அவுக அப்பா வந்து பாக்குறதுக்குள்ள கறுத்துட்டான்னா?” என்று கேட்டிருக்கிறாள். ஞானஸ்நானம்கூட அப்பா வந்த பிறகுதான் என்று வைத்திருந்தார்கள். அவன் பையனைக் கையில் தொட்டதே இல்லை.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள், வராந்தா முழுக்கக் குழந்தைகள். ஆட்டோ ஒன்று வாசல்வரை ஏறி வந்து நின்றது. ஜெசிந்தா பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பழையபடி சாய்ந்து சாய்ந்து ஓடி வந்தாள். அவன் கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகியிருந்தது.

என்னுடன் இருந்த இளம் டாக்டர் நல்ல பையன், சுறுசுறுப்பு. வலிப்புக்கு ஊசி போட்டான், ஆக்சிஜன் வைத்தான், சர்க்கரை பார்த்தான். வலிப்பு நிற்கவில்லை. “மூளைக்காய்ச்சலா இருக்கும் மேடம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாம்” என்றான். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தாயைப் பார்த்தேன். ஸ்டூலிலிருந்து எழ முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்து உன்னி எழுந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நிமிடம் எனக்கு வந்தது பயம் அல்ல, கோபம். யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம்.

வைட்டமின் டி இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும், அதில் வந்த வலிப்பு இது. கால்சியம் போட வேண்டும். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்க அங்கே வசதி கிடையாது. இதயத் துடிப்பைக் காட்டும் கருவியும் இல்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால் மருந்து வீண். வேகமாகப் போய்விட்டால் இதயம் நின்றுவிடும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். போடாமல் அனுப்பினால் வழியிலேயே போய்விடுவான். “மேடம், ரிப்போர்ட் இல்லாமலா?” என்றான் அந்தப் பையன். “தாய்தான் ரிப்போர்ட்” என்றேன். நர்ஸ் சொட்டுச் சொட்டாக மருந்தைத் தள்ள, நான் ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்து ஒவ்வொரு துடிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். துடிப்பு தடுமாறினால் கையைத் தூக்குவேன், நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு.

அப்போது ஜெசிந்தா தண்ணீர் கேட்டாள். தாகம் என்று நினைத்து யாரோ பாட்டிலைக் கொடுத்தார்கள். அவள் குனிந்து, பையனின் நெற்றியில் தண்ணீரை ஊற்றி, பெயரைச் சொல்லி, சிலுவை போட்டாள். சாகக் கிடக்கிற பிள்ளைக்குப் பங்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கக் கூடாது, பெற்றவளே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். அமலன் என்று பெயர் வைத்தாள். எனக்கு அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. நான் இன்னும் விடவில்லை, நீ ஏன் விடுகிறாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. காதில் ஸ்டெதஸ்கோப் இருந்ததால் கத்தவில்லை.

வலிப்பு நின்றது. கை தளர்ந்தது, கண் கீழே இறங்கியது, ஒரு அழுகை வந்தது. வராந்தாவில் நின்ற தாய்மார்கள் எல்லாம் ஆண்டவரே, முருகா என்று அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். இளம் டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வியப்பு. நான் மட்டும் சந்தோஷப்படவில்லை. நெஞ்சில் நான் கேட்டது நல்ல சத்தம் இல்லை. இதயம் குதிரை ஓடுகிற மாதிரி மூன்று தட்டாகத் தட்டியது. ஈரல் வீங்கியிருந்தது. நெடுநாளாகக் கால்சியம் இல்லாமல் அந்தச் சின்ன இதயம் தொய்ந்து பெருத்துவிட்டிருந்தது. ஆம்புலன்சில் நானும் ஏறினேன்.

வழியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அவுக கேமராவுல பாத்துட்டு போன் பண்ணுவாக டாக்டரம்மா. என்னத்தச் சொல்ல?”

பெரிய மருத்துவமனையில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், அவர்களை ஒரு குறை சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு அந்த இதயம் திரும்பிவிடும். அமலனுக்குத் திரும்பவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

அருள்ராஜிடம் நான்தான் போனில் சொன்னேன். “என் வீட்ல என்னங்க கொறச்சல்?” என்றான். திட்டுகிற குரலில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பிள்ளைக்கு வைட்டமின் குறைவு, அதனால் கால்சியம் குறைவு, அதனால் இதயம் என்று நான் வரிசையாகச் சொன்னேன். “பாலு வத்திருச்சா?” என்றான். “இல்ல தம்பி.” “அப்பறம்?” அப்பறம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் சொன்ன பதில் எதுவும் அவனிடம் போய்ச் சேரவில்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் தொழில் சங்கதி ஒன்றிரண்டு உண்டு. காய்ச்சல் இல்லாமல் பால்குடிப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் தாயின் நடையைப் பாருங்கள். பாலைத் தவிர எதுவும் கூடாது என்று சொல்லும்போதே, மருந்து அதில் சேராது என்றும் சொல்லுங்கள், சுவரிலும் எழுதுங்கள். நான் எங்கள் சுவரில் எழுதினேன், அடுத்த முறை வெள்ளையடித்தபோது பழைய வாசகத்தை மட்டும் மறுபடி எழுதிவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் செய்தால் ஒன்றிரண்டு பிள்ளைகள் பிழைக்கும். நிலைமை மாறிவிடும் என்று மட்டும் என்னால் எழுத முடியாது. நான் இருந்தவரை மாறவில்லை. அந்தப் பக்கத்தில் வருடா வருடம் புது வீடு எழும்புகிறது, எல்லா வீட்டுக்கும் கறுப்புக் கண்ணாடி.

அருள்ராஜ் வந்து சேர்ந்த பிறகு அடக்கம் நடந்தது. நானும் வளர்மதியும் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்தில் நிழல் கிடையாது, உச்சி வெயில். மகனை அன்றுதான் முதல்முறையாகத் தூக்கினான், அந்த வெள்ளைப் பெட்டியோடு. அடுத்த பிள்ளைக்காவது என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் பேசிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் நான் போனேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

மண் போட்டு முடித்தார்கள். ஜெசிந்தா நகரவில்லை. முக்காடு சரிந்து, தலையிலும் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அருள்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் நின்ற யாரிடமோ ஒரு குடையை வாங்கி விரித்து, அவள் பக்கமாக நீட்டிப் பிடித்தான். குடை அவளுக்கு எட்டவில்லை.

“வெயில் அடிக்குது புள்ள, இங்கிட்டு வா” என்றான்.

அவள் ஓரடி நகர்ந்து உள்ளே வந்தாள். யோசித்து வைத்திருந்த வார்த்தையை அப்படியே வைத்துக்கொண்டு நான் திரும்பி நடந்தேன்.